கையில் உள்ள திரையும் கேள்வி கேட்கும் குழந்தையும்

(வெள்ளி விழாவை ஒட்டி நடைபெற்ற கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

சிறுவர் சிறுமியர்க்கு அறிவியல் அறிவை ஊட்டுவதில் கைபேசி, கணினி முதலிய மின்னணுக் கருவிகளை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எங்களைப் பணித்தனர். நம் சங்கம் தோன்றிய நாளில், ஒரு பிள்ளைக்குப் பாடநூலும் குறிப்பேடும் வாங்கித் தந்து, மாலையில் விளக்கொளியில் உட்கார வைத்துப் படிக்கச் செய்வதே பெரும்பணியாக இருந்தது. இன்று பஞ்சாலைத் தொழிலாளி வீட்டிலும், பனியன் கம்பெனிக்குச் செல்வோர் வீட்டிலும், துப்புரவுப் பணியாளர் வீட்டிலும் ஒரு கைபேசியேனும் இருக்கிறது. கருவி வந்துவிட்டது. அதைக் கொண்டு நம் பிள்ளை என்ன செய்கிறது என்பதே இனி நம் முன் உள்ள கேள்வி.

அண்ணல் கேட்ட கல்வி

அறிவியற் கல்வி நமக்குப் புதிதாகத் தோன்றிய ஆசையன்று. அண்ணல் அம்பேத்கர் பொருளியலும் சட்டமும் பயின்றவர். ஆயினும் 1942-ஆம் ஆண்டு, வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த நிலையில், தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளைத் தொகுத்து அவர் அளித்த விண்ணப்பத்தில் வற்புறுத்தியது அறிவியல், தொழில்நுட்பக் கல்வியையே. கலைப் பாடமும் சட்டமும் மட்டும் கற்பதால் நம் மக்கள் பெரிதும் உயர்ந்துவிட மாட்டார்கள். உயர்நிலை அறிவியற் கல்வியே உயர்த்தும். அக்கல்விக்கு ஆகும் செலவை நம்மவர் தாங்க இயலாதாகையால் அரசே உதவித்தொகை தரவேண்டும் என்பது அவர் வாதம். 1944-ஆம் ஆண்டில் தொடங்கிய மெட்ரிக் படிப்பிற்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டத்தின் பயனை இவ்வரங்கில் அமர்ந்திருக்கும் பலர் நுகர்ந்திருப்பீர்கள்.

1976-இல் நிறைவேறிய 42-ஆம் திருத்தத்தின் வழியே, அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்து கேட்கும் உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51-அ பிரிவில் எழுதப்பட்டது. நாட்டின் குடிகள் அனைவர்க்கும் அது கடமை. நமக்கோ அது உரிமையும் ஆகும். ஏனெனில், "ஏன்?" என்று கேட்கக் கூடாது, சொன்னதைச் செய் என்று பல நூறு ஆண்டுகள் அடக்கி வைக்கப்பட்ட மக்கள் நாம். ஐந்து வயதுக் குழந்தை "ஏன்?" என்று கேட்கும்போது அதன் வாயை அடைக்காமல் விடை தேடிக் கொடுப்பது நம் வீடுகளில் சமூக விடுதலையின் ஒரு பகுதியாகும்.

கவலையும் பம்பு செட்டும்

கொங்கு நாட்டின் வரலாற்றிலிருந்து ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். ஆழ்கிணறுகளே இம்மண்ணின் உயிர்நாடி. மாடுகளைச் சரிவில் ஓட்டிக் கவலை இறைத்த காலத்தில், தண்ணீரை மேலே கொணர்ந்த சாலின் தோல் தும்பியைத் தைத்துத் தந்தவர்கள் நம்மவரான அருந்ததியர் மக்கள். அத்தோலைப் பதப்படுத்திய முறையை எண்ணிப் பாருங்கள். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரைக் களைவர். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்பொருள் தோலின் புரத இழைகளோடு பிணைந்து, அது அழுகாதபடி காக்கும். இது தெளிந்த வேதியியல். ஆயினும் அதைச் செய்த கைகளை ஊர் தீண்டத்தகாதவை என்றது. அக்கைகள் இல்லாமல் அக்காலத்தில் ஒரு காணி நிலமும் விளைந்திராது.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் கோவையின் ஆலைகளுக்கு வந்தது. பின்னர்க் கிணறுகளுக்கும் வந்தது. மோட்டார் பம்பு செட்டு ஓடத் தொடங்கியதும் கவலை நின்றது. தோல் வேலையும் நின்றது. கோவை நகரம் பம்புத் தொழிலால் நாடெங்கும் பெயர் பெற்றது. அத்தொழிலில் பட்டறை வைத்து முதலாளி ஆனவர்கள் யார், வார்ப்படச் சாலையில் மணல் சுமந்தவர்கள் யார் என்பதை நாம் அறிவோம். நிலமும் முதலும் சாதி உறவும் அவர்களிடம் இருந்தன என்பது முதற் காரணம். இயந்திரத்தின் உட்புறத்தைத் திறந்து பார்த்துக் கற்கும் வாய்ப்பு நம்மவர்க்குக் கிட்டவில்லை என்பது அடுத்த காரணம். முதலாவதை நீக்க நெடிய போராட்டம் வேண்டும். இரண்டாவதை நீக்கும் பணியை நம் தெருவிலேயே தொடங்கலாம்.

இன்று மீண்டும் ஒரு கருவி வந்திருக்கிறது. கைபேசி என்னும் இக்கருவியை நம் பிள்ளைகள் வெறுமனே பார்த்துக் கொண்டிருப்பார்களா, அல்லது திறந்து ஆராய்வார்களா? அன்று கிணற்றங்கரையில் நேர்ந்தது இன்று திரையின் முன்னும் நேர்ந்துவிடக் கூடாது என்பதே எங்கள் கவலை.

காண்பதும் செய்வதும்

திரையில் வருவன யாவும் ஒரே தன்மையன அல்ல. தொலைக்காட்சி நமக்குக் காட்டும்; நாம் காண்போம். தமிழக அரசு 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, பெருந்தொற்றுக் காலத்தில் பாடங்களை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்குத் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1 அன்றுதான். அந்த 19 மாதங்களில், வீட்டில் இருந்த ஒரே கைபேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் செல்ல, பாடம் கேட்க வழியின்றி நின்ற குழந்தைகள் பெரும்பாலும் யாருடைய குழந்தைகள் என்று சொல்லத் தேவையில்லை. தொலைக்காட்சி ஓடிய வீடுகளிலும், புரியவில்லை என்று குழந்தை சொன்னால் அதைக் கேட்கும் செவி அப்பெட்டிக்கு இல்லை.

இன்று ஊடாடும் ஊடகம் என்று வழங்கப்படுவது வேறு வகை. அது குழந்தையின் கைக்காகக் காத்திருக்கும். குழந்தை ஒன்றைச் செய்தால் அதற்கேற்ப மாறும். வேறொன்றைச் செய்தால் வேறு விதமாக மாறும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலார் கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய 'ஃபெட்' என்னும் பாவனைச் சோதனைத் தொகுப்பு இதற்கு நல்ல சான்று. அது இலவசமானது. அதன் சோதனைகள் பல தமிழிலும் கிடைக்கின்றன. ஒருமுறை பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலும் இயங்கும். நம் அரசுப் பாடநூல்களில் "இணையச் செயல்பாடு" என்ற தலைப்பில் வரும் பக்கங்களும், 2018 முதல் பாடங்களின் ஓரத்தில் அச்சாகி வரும் கட்டக் குறியீடுகளும் இத்தகைய பயிற்சிகளுக்கு வழிகாட்டுகின்றன. அவற்றைக் கைபேசியால் திறந்து பார்க்கலாம் என்பதை அறியாத பெற்றோர் நம்மிடையே பலர் உளர்.

மூன்று பாடங்கள்

சொல்வதைக் காட்டிலும் செய்து காட்டுவது நன்று. ஆகவே நம் படிப்பகங்களில் உடனே தொடங்கத்தக்க மூன்று பாடங்களை எடுத்துரைக்கிறோம்.

முதலாவது, மின்சுற்று. ஒரு பேட்டரி, ஒரு சிறு பல்பு, ஒரு கம்பி. பல்பு எரியுமா என்று எட்டு வயதுக் குழந்தைகளைக் கேளுங்கள். பேட்டரியிலிருந்து பல்புக்கு ஒரே கம்பி போதும் என்று பலர் சொல்வர். வீட்டில் விளக்கிற்குச் செல்லும் வடம் ஒன்றாகவே கண்ணுக்குத் தெரிவதால் அவ்வாறு எண்ணுவது இயல்பு. உடனே தவறு என்று சொல்லிவிடாதீர்கள். 'ஃபெட்' சோதனையில் குழந்தையே தன் விரலால் கம்பியை இழுத்து இணைக்கட்டும். பல்பு எரியாது. மற்றொரு கம்பியால் வட்டத்தை மூடினால் எரியும். கம்பிக்குள் மின்துகள்கள் ஓடுவதும் திரையில் தெரியும். பேட்டரியின் இரு முனைகளையும் பல்பின்றி நேரே கம்பியால் இணைத்தால் திரையில் தீ எழும். குழந்தை சிரிக்கும், ஆனால் மறக்காது. அதன்பின் கடையில் வாங்கிய டார்ச் செல்லையும் சிறு பல்பையும் கொண்டு உண்மையிலேயே செய்து பார்க்கட்டும். வீட்டு மின்சாரத்தில் ஒருபோதும் கைவைக்கக் கூடாது என்பதை அப்போதே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். திரையில் செய்தது கையாலும் செய்யப்பட்டால்தான் பாடம் முடிந்ததாகும்.

இரண்டாவது, நிழல். கோவை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளது. ஆகையால் ஆண்டில் இருமுறை, ஏப்ரல் 18-ஐயும் ஆகஸ்ட் 24-ஐயும் ஒட்டிய நாள்களில், கதிரவன் நண்பகலில் நம் தலைக்கு நேர் மேலே வரும். அப்போது நிமிர்த்தி நட்ட கம்பின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும். இது நிகழ்வது கடிகாரத்தில் சரியாக 12 மணிக்கு அன்று. 12 மணி 20 நிமிட அளவில். ஏன்? நம் கடிகாரம் உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரை ஒட்டிச் செல்லும் தீர்க்கக்கோட்டின் நேரத்தைக் காட்டுகிறது. நாமோ அதற்கு மேற்கே இருக்கிறோம். சென்னையிலும் கதிரவன் உச்சிக்கு வருவது கோவையைக் காட்டிலும் சுமார் 13 நிமிடம் முன்னதாகத்தான். 'ஸ்டெல்லேரியம்' என்னும் இலவச வான்காட்சி நிரலில் கோவை என்று இடத்தைக் குறித்து, நாளையும் நேரத்தையும் குழந்தையே நகர்த்திக் கதிரவன் செல்லும் வழியைப் பார்க்கலாம். பிறகு காலனித் திடலில் ஒரு கம்பை நட்டு, வாரம் ஒரு நாள் நண்பகல் நிழலை அளந்து குறிப்பேட்டில் எழுதட்டும். திரை சொன்னது மண்ணில் மெய்யாகிறதா என்று குழந்தையே சரிபார்க்கும். இதைக் காட்டிலும் சிறந்த அறிவியல் மனப்பான்மை வேறில்லை.

2019 டிசம்பர் 26 அன்று கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் காலை ஒன்பதரை மணி அளவில் வளையக் கதிரவன் மறைப்பு நிகழ்ந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் பாதுகாப்பான கண்ணாடிகளோடு மக்களைத் திடலுக்கு அழைத்தனர். அழைப்பை ஏற்று வந்தவர் பலர். கதவைச் சாத்திக்கொண்டு உணவைத் தவிர்த்தவரும் பலர். 2027 ஆகஸ்ட் 2 அன்று நிகழவிருக்கும் மறைப்பு இந்தியாவின் பல பகுதிகளில் பகுதி மறைப்பாகத் தெரியும். அதற்குள் நம் பிள்ளைகள் அதை முன்கூட்டியே திரையில் கணித்துக் காட்டி, பாட்டிமாரின் அச்சத்தைப் போக்கும் அளவிற்குத் தேர்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பறை. இதைச் சொல்லும்போது சிலர்க்குத் தயக்கம் தோன்றலாம். சாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் கட்டாயமாகப் பறையும் தப்பட்டையும் அடிக்க வேண்டும் என்ற இழிவை எதிர்த்து நம் முன்னோர் நின்றது முற்றிலும் சரியானது. அக்கட்டாயத்திற்கு நாம் ஒருபோதும் திரும்பப் போவதில்லை. ஆனால், தீயில் காய்ச்சிய பிறகே பறையை ஏன் அடிக்கிறார்கள் என்ற கேள்வி இயற்பியலுக்கு உரியது. தோலில் உள்ள ஈரம் வற்றினால் தோல் இறுகும், இறுகினால் விரைவாக அதிரும், ஓசை உயரும். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' போன்ற இலவசச் செயலிகள், கைபேசியின் ஒலிவாங்கியைக் கொண்டே ஓசையின் அதிர்வெண்ணை அளந்து காட்டும். காய்ச்சுமுன் ஓர் எண், காய்ச்சியபின் ஓர் எண். பெரியவர் பறையைக் காய்ச்ச, பேரப்பிள்ளை அளந்து எழுதட்டும். தாத்தாவின் காது அறிந்திருந்ததைக் கருவி எண்ணாகச் சொல்லும். தன் வீட்டில் அறிவு இருந்தது என்பதை அப்பிள்ளை அன்று உணரும். புத்தகத்தில் உள்ள அறிவியல் தனக்கு அயலானது என்ற தாழ்வெண்ணம் அத்துடன் தளரும்.

இம்மூன்றிற்கும் முறை ஒன்றே. முதலில் என்ன நடக்கும் என்று குழந்தை சொல்ல வேண்டும். பின்னர்ச் செய்ய வேண்டும். நடந்ததைப் பார்க்க வேண்டும். சொன்னதும் நடந்ததும் வேறுபட்டால் ஏன் என்று பேச வேண்டும். வேறுபடுவது தோல்வியன்று; அங்கேதான் கற்றல் தொடங்குகிறது. இந்த நான்கு படிகள் இல்லையேல், எவ்வளவு விலையுயர்ந்த கருவியாயினும் அது வேடிக்கைப் பெட்டியே.

எச்சரிக்கைகள் சில

உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரை காட்டுவது நன்றன்று. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படக் கூடாது. அதிலும் குறைவாயின் நன்று. வேலை முடிந்து களைத்து வரும் தாய், அழும் குழந்தையின் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கிறார். அவரைக் குறைகூற எங்களுக்கு மனமில்லை. அந்த அரைமணி நேரம் குழந்தையோடு உட்கார ஓர் இளைஞர் தெருவில் இல்லையே என்றுதான் வருந்துகிறோம். பெரியவர் ஒருவர் உடனிருந்து உரையாடினால்தான் சிறு குழந்தை திரையிலிருந்து பயனுறக் கற்கும். தனியே விட்டால், ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே வந்து விழும் சிறு காணொளிகள் குழந்தையின் கேள்வியை விழுங்கிவிடும்.

கருவி யார் கையில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஐந்து பிள்ளைகள் சூழ்ந்திருந்தால், மூத்த பையன் கையிலேயே அது இருக்கும். பெண்பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். வெளியே நின்று எட்டிப் பார்ப்பது என்ன என்பதை நம் சமூகம் அறியும். அதை நம் வீட்டுக்குள் நாமே செய்யலாமா? முறைவைத்துக் கைமாற வேண்டும். பெண்பிள்ளைக்கு முதல் முறை தர வேண்டும்.

கைபேசியில் வருவன யாவும் உண்மையல்ல. நோய்க்குப் பொய் மருந்தும், சாதிப் பகையைத் தூண்டும் கதைகளும் அதே திரையில்தான் வருகின்றன. நிழலை அளந்து சரிபார்க்கப் பழகிய பிள்ளை, வந்த செய்தியையும் "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுச் சரிபார்க்கும்.

சங்கம் செய்ய வேண்டுவன

இனி நாம் செய்ய வேண்டிய பணிகளைச் சுருங்கச் சொல்கிறோம். ஒவ்வொரு படிப்பகத்திலும் பொதுவாக ஒரு பலகைக்கணினி இருக்கட்டும். 2011 முதல் அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. பழுது பார்த்தால் அவற்றில் சில மீண்டும் இயங்கும். நான்கைந்து பிள்ளைகளுக்கு ஒரு கருவி, ஓர் இளைஞர், ஒரு குறிப்பேடு, 20 நிமிடத் திரை நேரம், பின்னர்க் கையால் செய்யும் வேலை என அமையட்டும். குப்பையில் எறியும் பொருள்களைக் கொண்டு விளையாட்டுக் கருவிகள் செய்யக் கற்பிக்கும் அரவிந்த் குப்தா அவர்களின் காணொளிகள் தமிழிலும் உள்ளன. செலவில்லாத ஆய்வுக்கூடம் அது. மாதம் ஒருமுறை பிள்ளைகளைக் கொடிசியா அருகிலுள்ள மண்டல அறிவியல் மையத்திற்கோ, அவிநாசி சாலையிலுள்ள ஜி. டி. நாயுடு அருங்காட்சியகத்திற்கோ அழைத்துச் செல்லலாம்.

அரசின் திட்டங்களையும் விடாமல் பற்றிக்கொள்ள வேண்டும். ஆறு முதல் எட்டு வகுப்பு மாணவர்க்குச் சோதனைக் கருவிகளோடு கருத்தாளர்களை அனுப்பும் வானவில் மன்றம், 2022 நவம்பர் 28 அன்று திருச்சிக்கு அருகே காட்டூரில் உள்ள ஆதிதிராவிடர் நலப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தொடங்கப்பட்டது என்பது நமக்கு மகிழ்ச்சி. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் பணி 2024-இல் விரிவாக மேற்கொள்ளப்பட்டது. அப்பலகை நம் பகுதிப் பள்ளியில் இயங்குகிறதா? அதைத் தொடும் வாய்ப்பு நம் பிள்ளைக்குக் கிட்டுகிறதா? இவற்றைக் கேட்கும் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும்; பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும்; நலிந்த பிரிவினர்க்கு உரிய இடம் தர வேண்டும். கூட்டத்திற்குச் செல்லாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இளைஞர்களே! பொறியியலும் அறிவியலும் பயின்று பட்டம் பெற்றவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். வாரத்தில் இரண்டு மாலைகளை நம் தெருவுக்குத் தாருங்கள். உங்களிடம் நாங்கள் பொருள் கேட்கவில்லை. ஒரு குழந்தை கேட்கும் கேள்விக்குப் பக்கத்தில் உட்காருங்கள் என்று மட்டும் கேட்கிறோம். விடை தெரியாவிட்டால், "வா, இருவரும் செய்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நமக்கு அக்காலத்தில் யாரும் அவ்வாறு சொல்லவில்லை. இனிமேல் நம் பிள்ளைகளுக்கு அச்சொல் கிடைக்கட்டும்.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து இச்சங்கம் பொன்விழாக் கொண்டாடும்போது, இன்று நிழலை அளக்கும் சிறுமி இம்மேடையில் ஓர் அறிவியலாளராக நின்று உரையாற்ற வேண்டும் என்பதே எங்கள் வேட்கை.